கல்யாண டேப்பின் நாலாம் பால்

என் ஓரகத்தியைப் பற்றி எழுதாமல் என் மகளின் கல்யாண டேப்பைப் பற்றி எழுத முடியாது. அவள் என் வீட்டுக்காரரின் அண்ணன் பெண்டாட்டி. என்னைவிட நாலு வயது மூத்தவள். வாய் நிறைய அக்கா என்றுதான் கூப்பிடுவேன். மனதுக்குள் வேறு பேர் வைத்திருந்தேன், அதை இங்கே எழுத வேண்டாம்.

எழுபதுகளில் நாங்கள் இரண்டு குடும்பமும் ஒரே ரப்பர் தோட்டத்தில், ஒரே லயத்தில், பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்தோம். நடுவில் பலகைச் சுவர். அவள் தாளிக்கிற வாசம் என் வீட்டுக்குள் வந்துதான் வெளியே போகும். வேலை பிரித்துக் கொடுக்கிற கிராணி அவளுக்கு இளம் மரங்களாகப் பார்த்து நிரை கொடுத்திருந்தார். எனக்கு வந்தது இரண்டு தரம் பட்டை சீவி ஓய்ந்துபோன மரங்கள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மரம் சீவ மலைக்குப் போவோம், ஒரே நேரத்தில் கத்தியைத் துடைப்போம். பால் கொட்டகையில் நிறுக்கும்போது மட்டும் அவள் வாளி கனக்கும், என் வாளி ஆடும்.

"மரம் அப்படிலா, நீ என்ன செய்வ" என்பார் என் வீட்டுக்காரர். மரத்தைச் சொல்கிறாரா, என் கையைச் சொல்கிறாரா என்று யோசித்துக்கொண்டே சோறு போடுவேன்.

தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது அவர்கள் ஈப்போவுக்குப் போனார்கள். தாமான் என்கிற புதுக் குடியிருப்பில் கல் வீடு. நாங்கள் சிம்பாங் பூலாய்க்கு வந்தோம். பலகை வீடு, பக்கத்தில் கல் உடைக்கிற கல்லு மலை. என் வீட்டுக்காரருக்கு அந்த மலையில் கல்லேற்றும் லோரியில் வேலை. தூரமாகப் போனால் பொறாமை குறையும் என்று நினைத்தேன். குறையவில்லை. தோட்டத்தில் இருந்தபோது அவள் வாளியைப் பார்த்தேன். இப்போது பார்க்காததை எல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன். கண்ணாடிக் கதவு வைத்த அலமாரி வாங்கினாள் என்று கேள்விப்படுவேன். கலர் டிவி என்பார்கள். அப்புறம் வீடியோ டெக்.

எண்பதுகளில் அவள் மகளுக்குக் கல்யாணம் நடந்தது. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக வீடியோ எடுத்த கல்யாணம் அதுதான். ஒரு மாதம் கழித்து எங்களை எல்லாம் கூப்பிட்டு வரிசையாக உட்காரவைத்துப் போட்டுக் காட்டினாள். மணப்பெண்ணின் சேலைக் கரையில் இருந்த ஒவ்வொரு அன்னமும் தெரிந்தது. ஒரு இடத்தில் செம்பருத்திப் பூ ஒன்று திரை முழுக்க வந்தது, இதழ் விரிந்தது, நடுவில் அவள் மகளின் முகம். எல்லாரும் ஆ என்றார்கள். நானும் சொன்னேன். சொல்லும்போது வாய்க்குள் புளித்தது. என் மகளுக்கு நடக்கும்போது ஒரு பூ இல்லை, மூன்று பூ வேண்டும் என்று அங்கேயே உட்கார்ந்து தீர்மானித்துவிட்டேன்.

அடுத்த வருஷம் என் மகளுக்குக் கல்யாணம். ஈப்போவில் கோயில் மண்டபம், அதே வீடியோக்காரர். அவர் முன்பு மோட்டார் சைக்கிளில் தோட்டம் தோட்டமாக வந்து போட்டோ பிடித்தவர். பிறகு டவுனில் ஒரு மாடியில் கடை போட்டார். கீழே சீனர் சாப்பாட்டுக் கடை, படியேறும்போதெல்லாம் வாத்து வறுக்கும் வாசம் அடிக்கும். அவர் என்னை அக்கா என்பார், நான் அவரை அண்ணே என்பேன். யார் மூத்தவர் என்று இரண்டு பேரும் கேட்டுக்கொண்டதில்லை.

கல்யாணம் முடிந்து, பாட்டும் பூவும் சேர்த்த படத்தைப் பார்க்க நான் தனியாகத்தான் பஸ் ஏறிப் போனேன். கடைக்குள் இரண்டு டெக்கை ஒன்றின்மேல் ஒன்று வைத்து ஒயர் மாட்டியிருந்தார். ஒன்றில் படம் ஓடும், மற்றது அதைப் பிடித்துக்கொள்ளும். படத்தைப் போடுவதற்கு முன்னால் ஒரு கருப்பு டேப்பைக் கையில் எடுத்துக் காட்டினார்.

"அக்கா, ஒண்ணு சொல்றேன் கேட்டுக்குங்க. இது கேமரா டேப்பு. மண்டபத்துல எடுத்தது எல்லாம் இதுலதான் இருக்கு. இதுதான் தேங்கா. இதுலேருந்து வெட்டி, பாட்டுப் போட்டு, இன்னொரு டேப்புல ஏத்தியிருக்கேன். அது முதப் பாலு. அந்த டேப்புலேருந்து இன்னொரு டேப்புக்கு ஏத்துனா ரெண்டாம் பாலு. பாக்க வெள்ளையாத்தான் இருக்கும், ஆனா தண்ணி. ஒவ்வொரு தடவ ஏத்தும்போதும் கலரு கொஞ்சம் எறங்கிரும்."

"மூணாம் பாலுலயே கொழம்பு வச்சு இல நக்க வச்சவண்ணே நானு."

"கொழம்பு வேற, படம் வேறக்கா" என்று சொல்லிவிட்டுப் படத்தைப் போட்டார்.

படம் நன்றாகத்தான் இருந்தது. அதை நான் இப்போது ஒத்துக்கொள்கிறேன். என் மகள் அரக்குப் பட்டில் உட்கார்ந்திருந்தாள், நெற்றிச்சுட்டிக் கல் மின்னியது. நானும் தெரிந்தேன், குறை சொல்லும்படி இல்லை. அப்புறம் மண்டப வாசல் வந்தது.

கல்யாணத்தன்று நான் உள்ளே மணவறைப் பக்கம் இருந்தேன். வாசலில் வந்தவர்களை வரவேற்க என் வீட்டுக்காரர் சந்தனக் கிண்ணத்தோடு நின்றார். அவருக்குத் துணையாக அக்கா பன்னீர்ச் செம்போடு நின்றாள். அது முறைதான். ஆனால் படத்தில் பார்க்கும்போது முறையாகத் தெரியவில்லை. மாம்பழக் கலர் பட்டில், கழுத்து நிறைய நகையோடு, இவள்தான் பெண்ணைப் பெற்றவள் என்கிற மாதிரி நின்றாள். ஐந்து நிமிஷம் இல்லை, பத்து நிமிஷம் இல்லை, வந்தவர் எல்லாரும் அவளைக் கும்பிட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தார்கள். அதையும் பொறுத்திருப்பேன். திடீரென்று அவள் அவர் பக்கம் சாய்ந்து என்னவோ சொன்னாள். என் வீட்டுக்காரர் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார்.

அவருக்கு முன்பல் ஒன்று கிடையாது. அதனால் சிரித்தால் உடனே துண்டால் வாயைப் பொத்திக்கொள்வார். என்னோடு குடித்தனம் நடத்திய இத்தனை வருஷத்தில் அவர் சிரிப்பைத் துண்டுக்கு மேலே, கண்ணில்தான் பார்த்திருக்கிறேன். இங்கே இரண்டு கையிலும் சந்தனக் கிண்ணம். பொத்த முடியவில்லை. வாய் திறந்து, ஓட்டைப் பல் தெரிய, அவளைப் பார்த்துச் சிரித்தார். மேலே நாதஸ்வரப் பாட்டு போட்டிருந்ததால் அவள் என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை.

தப்பாக நான் எதுவும் நினைக்கவில்லை. அண்ணன் பெண்டாட்டிக்கும் கொழுந்தனுக்கும் கேலி பேச உரிமை உண்டு. ஆனாலும் அந்தச் சிரிப்பு எனக்கு வந்திருக்க வேண்டியது என்றுதான் பட்டது.

"இத வெட்டிருங்கண்ணே."

"எத?"

"வாசல."

"வாசல் பூராவுமா? அண்ணன் நல்லா சிரிக்கிறாரேக்கா."

"அதுக்குத்தான் வெட்டச் சொல்றேன்."

அவர் படத்தை நிறுத்தினார். "சரி. அப்ப ரெண்டு வாரம் குடுங்க. கேமரா டேப்ப வச்சு முதல்லேருந்து திரும்ப செய்யணும். தேங்காவுலேருந்து புழிஞ்சாத்தான் படம் எறங்காது."

"ஞாயித்துக்கெழம சொந்தக்காரங்கள வரச்சொல்லிட்டேன். செஞ்சு வச்சிருக்கீங்களே, அதுலேருந்தே வெட்டுங்க."

"கஷ்டம்க்கா. அப்புறம் மங்கலா இருக்குன்னு நீங்கதான் பேசுவீங்க."

"நான் பேச மாட்டேன்."

புதன்கிழமை போய்ப் பார்த்தேன். வாசல் போயிருந்தது. பூ ஒன்றுதான் இருந்தது. நான் மூன்று கேட்டேன். அவர் தலையில் கைவைத்துக்கொண்டு, வெட்டின டேப்பிலிருந்து இன்னொரு டேப்புக்கு ஏற்றி, நடுவில் இரண்டு பூ வைத்தார். வெள்ளிக்கிழமை போனால் இரண்டு டேப்பாக வைத்திருந்தார், நலங்கு ஒன்று, கல்யாணம் ஒன்று. டேப்பு மாற்றுகிற நேரத்தில் சனங்கள் எழுந்து போய்விடுவார்கள், ஒரே டேப்பில் போடுங்கள் என்றேன்.

"ஒண்ணுல அடக்கணும்னா டேப்ப மெதுவா ஓடவிட்டு எடுக்கணும்க்கா. மெதுவா ஓடுனா படம் இன்னும் எறங்கும். ரெண்டு பேரு படுக்குற பாயில நாலு பேரு படுத்தா எப்படி?"

"தோட்டத்துல நாங்க அப்படித்தாண்ணே படுத்தோம்."

அந்த இரண்டையும் மெதுவாக ஓடவிட்டு ஒரே டேப்பில் ஏற்றினார். சனிக்கிழமை டேப்பை என் கையில் கொடுத்தபோது இன்னொன்று கேட்டார். "கேமரா டேப்பு உங்களுக்கு வேணுமா? வேணாம்னா நாளைக்குத் தாப்பாவுல ஒரு கல்யாணம், அதுமேலயே எடுத்துருவேன்."

"அதுல என்னா இருக்கு?"

"எல்லாம் இருக்கு. நாற்காலி இழுக்குறது, புள்ளைங்க அழுவுறது, எல்லாம்."

"பூ இருக்கா, பாட்டு இருக்கா?"

"அது எப்படி இருக்கும்?"

"அப்ப எனக்கு எதுக்கு. நீங்களே வச்சுக்குங்க."

படியிறங்கும்போது அவர் பின்னாலிருந்து சொன்னார். "உங்க ஓரகத்தியும் கல்யாணத்துக்கு மறுவாரமே ஒண்ணு வாங்கிட்டுப் போனாங்க. அவங்க மவ சிலிம் ரிவர்ல புள்ளையப் பெத்து பச்ச ஒடம்போட இருக்காளாம், கல்யாணத்துக்கு வர முடியலைன்னு அழுதாளாம். வெட்ட வேணாம், பாட்டு வேணாம், கேமரா டேப்புலேருந்து அப்படியே ஒண்ணு போட்டுக் குடுங்கன்னாங்க."

எனக்கு சிரிப்பு வந்தது. பூவும் இல்லாமல், பாட்டும் இல்லாமல், பிள்ளை அழுகிற சத்தத்தோடு அவளுக்கு ஒரு டேப்பு. பஸ்ஸில் சிம்பாங் பூலாய் வரும்வரை சிரித்துக்கொண்டே வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டிவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து வைத்திருந்தேன். கோழி வறுவல், நெய்ச்சோறு, எல்லாம் என் கைச் சமையல். பன்னிரண்டு பதிமூன்று பேர் வந்தார்கள். அக்கா முன்வரிசையில் உட்கார்ந்தாள். படம் ஓட ஆரம்பித்தது.

கடையில் நின்று கொஞ்சம் கொஞ்சமாகப் பார்த்தபோது எனக்கு உறைக்கவில்லை. இப்போதுதான் முழுதாகப் பார்த்தேன். என் மகளின் அரக்குச் சேலைக் கலர் சேலையைவிட்டு வெளியே வழிந்து பக்கத்தில் நின்றவர்மேல் ஒட்டியிருந்தது. மாப்பிள்ளைக்கு மூக்கு இல்லை. கோடு கோடாக என்னவோ கீழேயிருந்து மேலே ஏறிக்கொண்டே இருந்தது. நாதஸ்வரம் தண்ணீருக்குள் வாசிக்கிற மாதிரி நெளிந்தது. பூ மட்டும் நன்றாக விரிந்தது. விரிந்தால் நடுவில் ஈரத்தில் ஊறிய காகிதம் மாதிரி ஒரு முகம்.

"அம்மா, என் மூஞ்சி எங்கம்மா?" என்றாள் என் மகள்.

என் நாத்தனார் ஒருத்தி, வாய் சும்மா இருக்காதவள், "என்னா அண்ணி, மண்டபத்துக்குள்ள மழ பேஞ்சுச்சா? நான் வந்தப்ப வெயிலுதானே அடிச்சுச்சு?" என்றாள்.

"ஓமப் பொகலா" என்றேன்.

"நலங்குலயுமா ஓமம் வளத்தீங்க?"

எல்லாரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. வாசல் வரவேண்டிய இடத்தில் வராமல் நேராக மணவறைக்குப் போனபோது ஒரு தரம் திரும்பி என்னைப் பார்த்தாள். அவ்வளவுதான். எழுந்து போகும்போது "கோழி நல்லா இருந்துச்சு தங்கச்சி" என்றாள். அவள் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

எல்லாரும் போனபிறகு என் வீட்டுக்காரர் டெக்கின் ஒயரைச் சுருட்டிக்கொண்டே கேட்டார். "நான் வாசல்ல அத்தன நேரம் நின்னேனே, அது எங்க?"

"வரல. கேமரா வேற பக்கம் போயிருக்கும்."

"சரி விடு. நம்ம மூஞ்சிய யாரு பாக்கப் போறா."

இரண்டு வருஷம் கழித்து அவர் போய்விட்டார். கல்லு மலைத் தூசி நெஞ்சில் இறங்கியிருந்தது என்றார்கள். ஈப்போ ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் இருந்தார். அதைப் பற்றி அதிகம் எழுத எனக்கு மனமில்லை.

பதினாறாம் நாளுக்குப் படம் மாட்ட வேண்டும். அவர் போட்டோவுக்கு நிற்காத ஆள். பல் போனபிறகு கேமராவைக் கண்டால் கொல்லைக்குப் போய்விடுவார். கல்யாண ஆல்பத்தில் இருந்த மூன்று படத்திலும் கண்ணை மூடியிருந்தார், இல்லையென்றால் ஐயருக்குப் பின்னால் மறைந்திருந்தார். அடையாள அட்டைப் படத்தைக் கொடுத்துப் பெரிதாக்கினோம். பெரிதாக்கியதும் புள்ளி புள்ளியாகப் பிரிந்து, யாரோ ஒருவர் பயந்துபோய் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது. அதற்குத்தான் மாலை போட்டோம்.

அப்போதுதான் டேப்பு ஞாபகம் வந்தது. மகள் வீட்டில் போய்ப் போட்டேன். முழுதும் ஓடவிட்டேன். மணவறையில் அவர் முதுகு தெரிந்தது. தாரை வார்க்கிற இடத்தில் ஒரு பக்கமாகத் திரும்பினார். திரும்பினதும் அவர் முகம் இருக்க வேண்டிய இடத்தில் கோடு ஏறிப்போனது. நிறுத்திப் பார்த்தேன். நிறுத்தினால் இன்னும் மோசம், முகம் நடுங்கியது. மூன்று பூவும் அழகாக விரிந்தன.

டேப்பைத் தூக்கிக்கொண்டு வீடியோக்காரரிடம் போனேன். "இத கழுவித் தர முடியுமாண்ணே?" என்று கேட்டேன். வேறு எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை.

போட்டுப் பார்த்தார். உடனே நிறுத்தினார். "இது நாலாம் பாலுக்கா. அதுவும் மெதுவா ஓட்டி எடுத்தது. போன கலரு எங்கேயும் ஒளிஞ்சிருக்கல, கழுவுனா வர்றதுக்கு. போனது போனதுதான்."

"தேங்கா?"

"அதுமேல தாப்பா கல்யாணம் எடுத்தேன். அதுக்கப்புறம் எத்தனையோ."

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அவர் டேப்பை வெளியே எடுத்து வைத்தார். பிறகு, நான் நினைத்துக்கொண்டு வாயைத் திறக்காமல் இருந்ததை அவரே சொன்னார். "உங்க ஓரகத்தி வாங்கிட்டுப் போனாங்களே. வெட்டாதது. அது முதப் பாலு. அதுல வாசலு இருக்கு, அண்ணன் இருக்காரு. அவங்க தூக்கிப் போடாம இருந்தா."

அன்றைக்கே போயிருக்கலாம். ஈப்போவில்தான் இருந்தேன், பஸ் ஏறினால் அரை மணி நேரத்தில் அவள் வீடு. போகவில்லை. எட்டு மாதம் போகவில்லை. அவளிடம் போய், உன்னை வெட்டப்போய் என் புருஷனையும் வெட்டிவிட்டேன் என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்வதைவிட அடையாள அட்டைப் படத்தோடு இருந்துவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் ஒரு நாள் காலையில் கோலம் போட்டுக்கொண்டிருக்கும்போது அவர் முகத்தை நினைத்துப் பார்த்தேன். அடையாள அட்டையில் இருந்த ஆள்தான் வந்தார். என் வீட்டுக்காரர் வரவில்லை. கோலத்தைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்தேன். கடையில் ஒரு புது டேப்பு வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

அக்கா வாசலில் உட்கார்ந்து பயத்தங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்னா தங்கச்சி, வழி தெரிஞ்சிருச்சா?"

"பஸ்ஸு இந்தப் பக்கம் வந்துச்சு, ஏறிட்டேன்."

"பஸ்ஸு தெனமும்தான் வருது."

உள்ளே போய் உட்கார்ந்தோம். கோப்பி கலக்கினாள். அவள் மகளைப் பற்றிக் கேட்டேன், பேரனைப் பற்றிக் கேட்டேன். கோப்பி ஆறியது. அப்புறம்தான் வாய் வந்தது.

"உங்க மவளுக்கு ஒரு டேப்பு போட்டீங்களே அக்கா."

"எது?"

"என் மவ கல்யாணம்."

"அதான் உன்கிட்ட பாட்டோட, பூவோட இருக்கே. என்னோடது வெறும் டேப்புலா."

தெரிந்துதான் சொன்னாள். சொல்லட்டும் என்று இருந்தேன். "என்னோடதுல மழதான் பேயுது அக்கா. அவரு மூஞ்சியே தெரியல."

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். எழுந்து கண்ணாடி அலமாரியைத் திறந்தாள். அந்த அலமாரியைப் பார்த்து நான் எத்தனை தரம் வயிறெரிந்திருப்பேன். பீங்கான் தட்டுகளுக்குப் பின்னாலிருந்து, பிளாஸ்டிக் பையில் சுற்றி ரப்பர் வளையம் போட்ட டேப்பை எடுத்தாள். மகள் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்ததாம். தூசி படாமல் வைத்திருந்தாள். டெக்கில் போட்டு ஓடவிட்டாள்.

வாசல் வந்தது. கட்டின வாழைக் குலையிலிருந்து தண்ணீர் சொட்டியது தெரிந்தது. தெளித்த பன்னீர் தெரிந்தது. அவர் நின்றார். துண்டு தோளில், சந்தனக் கிண்ணம் கையில். சட்டையின் இரண்டாவது பொத்தானை அன்று காலையில் அவசரத்தில் நீல நூலால் தைத்துவிட்டிருந்தேன். வெள்ளைச் சட்டையில் அந்த நீல நூல் தெரிந்தது. அது எனக்கும் அவருக்கும் மட்டும் தெரிந்த விஷயம்.

பாட்டு இல்லை. நாற்காலி இழுக்கிற சத்தம், ஒரு பிள்ளை அழுகிற சத்தம், வாங்க வாங்க என்கிற சத்தம். அக்கா அவர் பக்கம் சாய்ந்தாள். இந்தத் தடவை கேட்டது.

"தம்பி, உள்ள போயி ஒன் பொண்டாட்டியப் பாரு. மவள விட அவதான் சோடிச்சிருக்கா. மாப்புள தடுமாறி அவ கழுத்துல கட்டிரப் போறான்."

"கட்டட்டும்லா அண்ணி. நாளைக்கே கூட்டிட்டு வந்து வாசல்ல விட்டுட்டுப் போயிருவான்."

சொல்லிவிட்டுத்தான் சிரித்தார். ஓட்டைப் பல் தெரிய, தலையைப் பின்னால் சாய்த்து. சிரித்து முடித்துவிட்டு, கழுத்தை நீட்டி மண்டபத்துக்குள் எட்டிப் பார்த்தார். யாரைத் தேடினார் என்று எனக்குத் தெரியும்.

எனக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. கோபத்தைத்தான் முதலில் காட்டினேன். "ரெண்டு பேரும் சேந்து என்னையத்தான் பேசியிருக்கீங்க."

"வேற யாரப் பேசுறது? நீதானே அன்னிக்கு ஒன் கல்யாணம் மாதிரி திரிஞ்ச."

"திரும்பப் போடுங்க."

போட்டாள். மூன்றாவது தரம் கேட்டபோது, "ஒரே எடத்துல ஓட்டுனா டேப்பு தேஞ்சிரும்லா" என்றாள். ஆனாலும் போட்டாள்.

பையிலிருந்து புது டேப்பை எடுத்தேன். "இதுல ஒரு காப்பி போட்டுக்கிட்டு உங்களோடத நாளைக்கே கொண்டாந்து தாரேன்."

"எதுக்கு? இத நீ வச்சுக்க. காப்பிய எனக்குக் குடு."

"உங்களுக்கு மங்கலா இருக்குமேக்கா."

"இருந்தா என்னா. நான் யாரப் பாக்கப் போறேன்? என் மூஞ்சிய தெனமும் கண்ணாடியில பாக்குறேன்."

வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தேன். கை டேப்பை வாங்கிக்கொண்டது.

பஸ்ஸில் டேப்பை மடியில் வைத்திருந்தபோது எனக்கு ஒன்று தோன்றியது. அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் கொடுத்திருக்க மாட்டேன். காப்பி எடுத்துக்கொள் என்று சொல்லியிருப்பேன், அதையும் நாலு பேருக்குச் சொல்லிக்காட்டியிருப்பேன். அவளுக்கு இளம் மரம் கிடைத்தது, கல் வீடு கிடைத்தது. அதையெல்லாம்கூட விட்டுவிடலாம். இப்படி யோசிக்காமல் கொடுக்கிற மனசும் அவளுக்குத்தான் கிடைத்திருக்கிறது. அந்த வயிற்றெரிச்சல் அலமாரிக்குப் பட்டதைவிடப் பெரிதாக இருந்தது.

வீடியோக்காரர் கடையில் பக்கத்திலேயே நின்றுகொண்டேன். "வெட்ட வேணாம். பாட்டு வேணாம். மெதுவா ஓட்ட வேணாம். இதுலேருந்து நேரா அதுக்கு, ஒரே தடவ."

"நீங்களே கட வைக்கலாம் போலருக்கே."

"பூவும் வேணாம்."

"அத நான் கேக்கவே இல்லக்கா."

முடிந்ததும் அக்காவின் டேப்பை, இனி என் டேப்பை, திருப்பிக் காட்டினார். முதுகில் ஓரமாகச் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் துண்டு இருந்தது. அதை உடைத்துவிட்டால் தெரியாத்தனமாக யாரும் அதன்மேல் வேறு படம் எடுத்துவிட முடியாது என்றார். கொண்டை ஊசியை எடுத்து அங்கேயே உடைத்தேன். இரண்டும் ஒரே மாதிரி கருப்பு டேப்பு. மாறிவிடக் கூடாது என்று கடைச் சாமி படத்திலிருந்து குங்குமம் எடுத்து என்னுடையதன்மேல் வைத்தேன். புதியதை அன்றைக்கே அக்கா வீட்டில் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஒரு மாதம் கழித்து ஒரு காதுகுத்தில் பார்த்தோம். பந்தியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"தங்கச்சி, நீ குடுத்த காப்பியப் போட்டுப் பாத்தேன். நல்லாத்தான் இருக்கு. கலரு மட்டும் கொஞ்சம் எறங்குன மாதிரி இருக்குலா."

"ரெண்டாம் பாலு அப்படித்தான் இருக்கும் அக்கா" என்றேன்.

அவள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள், இலையில் இருந்த அப்பளம் நழுவி விழுகிற அளவுக்கு. கொஞ்சமாவது வலித்திருக்கும் என்று அவள் முகத்தைப் பார்த்தேன். வலிக்கவில்லை. அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை.